ஆரஞ்சு வானம், சாம்பல் படம்: 2020 செப்டம்பர் 9-ல் ஒயிட் பேலன்ஸ் செய்த வேலை

2020 செப்டம்பர் 9, புதன்கிழமை. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பொழுது விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. வானம் முழுக்க அடர்ந்த ஆரஞ்சு நிறம். காலை பத்து மணி தாண்டியும் தெருவிளக்குகள் எரிந்தன. வண்டிகள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. வெளியே வந்து பார்த்தவர்கள் கைப்பேசியை எடுத்து வானத்துக்கு நேரே நீட்டினார்கள். பலருக்குத் திரையில் ஆரஞ்சு வரவே இல்லை. சிலருக்குச் சாம்பல் நிற வானம், சிலருக்கு வெளிறிப்போன மஞ்சள். கண் ஒன்றைப் பார்க்க, கேமரா வேறொன்றைக் காட்டியது.

அன்று முழுவதும் இரண்டு வகைப் படங்கள் இணையத்தில் சுற்றின. ஒன்றில் ஊரே தீ வெளிச்சத்தில் மூழ்கியிருந்தது. இன்னொன்று சான் பிரான்சிஸ்கோவில் கோடைக்காலத்தில் அடிக்கடி வரும் மூடுபனிக் காலையைப் போலவே இருந்தது. இரண்டாவது வகைதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அந்தப் படம் தப்பு என்று பார்த்தவுடன் தெரியாது. அந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்கூட "இதில் என்ன விசேஷம்?" என்று கடந்து போய்விடுவார். நம்பும்படியாகத் தப்பு செய்கிற கேமராவைத்தான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும்.

கைப்பேசிகளில் எந்தப் பழுதும் இல்லை. ஒளியின் நிறச்சாய்வைத் தானாகவே திருத்தும் அவற்றின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் தனக்குக் கொடுக்கப்பட்ட வேலையை ஒழுங்காகவே செய்தது. அந்த வேலை என்ன, எந்த இடத்தில் அதை நாம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இந்த ஒரு நாளை வைத்தே பார்த்துவிடலாம்.

வானத்தில் இருந்தது

அந்த ஆண்டு ஆகஸ்ட் நடுவில் மழையில்லாத இடிமின்னல் வட கலிஃபோர்னியாவில் நூற்றுக்கணக்கான இடங்களில் தீயை மூட்டியது. அவற்றில் ஆகஸ்ட் காம்ப்ளெக்ஸ் என்று பெயரிடப்பட்ட தீத்தொகுப்பு பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல் எரித்தது. அந்த மாநிலத்தில் அதுவரை பதிவானதிலேயே பெரியது அதுதான். செப்டம்பர் 8 அன்று காற்று பலமாக வீச, நார்த் காம்ப்ளெக்ஸ் என்ற இன்னொரு தொகுப்பும் வேகமெடுத்தது. புகை உயரே கிளம்பி வளைகுடாவின் மேல் பரவியது.

9-ஆம் தேதி காலை நிலவரம் இப்படி: கீழே, கடலிலிருந்து வந்த மூடுபனி அடுக்கு. அதற்கு மேலே புகை. புகை உடனே தரைக்கு இறங்காததால், வானம் அந்தக் கோலத்தில் இருந்தபோதும் தரைமட்டக் காற்று அதே அளவுக்கு மோசமாகவில்லை. சூரிய ஒளி புகையைக் கடக்கும்போது அதிலிருந்த நீலத்தைப் புகைத்துகள்கள் சிதறடித்தன, கொஞ்சம் உறிஞ்சவும் செய்தன. கீழே வந்து சேர்ந்தது பெரும்பாலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. அதை மூடுபனி வாங்கி எல்லாப் பக்கமும் பரப்பிவிட்டது.

கேமராவுக்கு இந்தக் கடைசிப் படிதான் வினையாக அமைந்தது. சாதாரண அந்தி நேரத்தில் அடிவானம் மட்டும் ஆரஞ்சாக இருக்கும். தலைக்கு மேலே நீலம் மிச்சமிருக்கும், நிழல்களிலும் நீலம் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க கேமராவுக்கு ஏதோ ஒன்று கிடைத்துவிடும். அன்றைக்கு எங்கே திருப்பினாலும் ஒரே நிறம். வானம், சாலை, சுவர், மனித முகம் எல்லாவற்றின் மேலும் அதே ஒளி.

ஆட்டோ எப்படி யோசிக்கிறது

சென்சாருக்கு வெள்ளை என்று ஒன்று தெரியாது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளுக்குப் பின்னால் எவ்வளவு ஒளி விழுந்தது என்ற எண்கள் மட்டுமே அதனிடம் உண்டு. பெரும்பாலான சென்சார்களில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. பச்சை எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் ஆளுக்கொரு எண்ணால் பெருக்குகிறார்கள். ஒயிட் பேலன்ஸ் என்பது அடிப்படையில் இந்த இரண்டு பெருக்கெண்கள்தான். நண்பகல் வெயிலில் சிவப்பை ஏறத்தாழ 2-ஆலும் நீலத்தை 1.5-ஆலும் பெருக்க வேண்டியிருக்கும். பழைய குண்டு பல்பின் அடியில் சிவப்புக்கு 1-ஐ ஒட்டி, நீலத்துக்கு 2-க்கு மேல். கேமராவுக்குக் கேமரா இது மாறும்.

அந்த இரண்டு எண்களும் என்ன என்று கேமராவே ஊகிப்பதுதான் ஆட்டோ. ஊகிக்க ஏதாவது ஓர் அனுமானம் வேண்டுமே. மிகப் பழைய, மிக எளிய அனுமானம்: ஒரு காட்சியில் இருக்கிற நிறங்களையெல்லாம் கலந்து சராசரி எடுத்தால் நடுநிலைச் சாம்பல் வரும். 1980-ல் கெர்ஷோன் புக்ஸ்பாம் இதைக் கணித வடிவில் எழுதினார். சராசரி சாம்பலாக இல்லாமல் மஞ்சளுக்குச் சாய்ந்தால், அந்தச் சாய்வுக்குக் காரணம் பொருட்கள் அல்ல, ஒளி என்று எடுத்துக்கொண்டு கணக்கு அதை அழித்துவிடும். மரமும் சுவரும் சட்டையும் கலந்து கிடக்கிற காட்சிகளில் இது வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வரும்.

இன்றைய கைப்பேசிகள் இதோடு நிற்பதில்லை. ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்த மாதிரிகளைப் பயன்படுத்துகின்றன. எந்த ஒளி நடைமுறையில் சாத்தியம், எது சாத்தியமில்லை என்ற வரம்பையும் வைத்திருக்கின்றன. ஆனால் பயிற்சிக்குப் போன படங்களில் பகல் பதினொரு மணிக்கு ஆரஞ்சு வானம் எத்தனை இருந்திருக்கும்? கணக்குக்குத் தெரிந்த உலகில், இப்படி முழுக்க ஆரஞ்சாகத் தெரியும் காட்சி என்றால் அது மஞ்சள் விளக்கெரியும் அறையாகத்தான் இருக்க வேண்டும். அறைக்குச் செய்வதையே வானத்துக்கும் செய்தது: நீலத்தை ஏற்றியது, சிவப்பை இறக்கியது. அந்த வரம்பு தடுத்த இடத்தில் வெளிறிய மஞ்சள் மிச்சமானது; தடுக்காத இடத்தில் சுத்தமான சாம்பல் வந்தது. ஒரே தெருவில் நின்ற இரண்டு கைப்பேசிகள் இரண்டு விதமாகக் காட்டுவதற்கு இந்த வித்தியாசமே போதும்.

இன்னொரு ஆட்டோவும் கூட்டுச் சேர்ந்தது. அதைப் பலரும் கவனிக்கவில்லை. ஒளியளவைத் தீர்மானிக்கும் ஆட்டோ எக்ஸ்போஷரும் சராசரியை நோக்கியே இழுக்கும். காட்சி இருட்டாக இருந்தால் நடுத்தர வெளிச்சத்துக்குத் தூக்கிவிடும். அன்று நகரம் அந்தி மயங்கிய நேரம் போல இருண்டிருந்தது. ஒரு ஆட்டோ நிறத்தைப் பறித்தது, இன்னொரு ஆட்டோ இருளைப் பறித்தது. இரண்டும் சேர்ந்துதான் அந்த நாளைச் சாதாரண மூடுபனி நாளாக மாற்றின.

கண்ணும் திருத்துகிறது, ஆனால் முழுசாக இல்லை

"கண் பார்த்ததுதானே உண்மை, கேமராவும் அதையே காட்ட வேண்டியதுதானே" என்று சொல்வது எளிது. கண்ணும் ஒயிட் பேலன்ஸ் செய்கிறது. மஞ்சள் விளக்கடியில் படிக்கும் காகிதம் கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான். விழித்திரையின் மூன்று வகைக் கூம்புசெல்களும் தனித்தனியாகத் தம் உணர்திறனை ஏற்றி இறக்கிக்கொள்கின்றன என்று யோகன்னஸ் ஃபோன் கிரீஸ் 1902-லேயே முன்வைத்தார். கேமரா போடுகிற பெருக்கல் கணக்கும் ஏறக்குறைய அதே யோசனைதான்.

வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், கண் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒளியில் நிறம் மிக அடர்த்தியாக இருந்தால் அதன் ஒரு பகுதியைத்தான் கழிக்கும். மீதியை அந்த ஒளியின் நிறமாகவே நமக்கு உணர்த்தும். அதனால்தான் மெழுகுவத்தி வெளிச்சத்தில் காகிதம் வெள்ளை என்றும் தெரிகிறது, வெளிச்சம் மஞ்சள் என்றும் தெரிகிறது. ஆட்டோவால் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியவில்லை. அன்றைய வானத்தை அது கழிக்க ஆரம்பித்தது, கண் நிறுத்திய இடத்தில் நிறுத்தவில்லை.

கிரே கார்டு இருந்திருந்தால்?

சரியான நிறம் வேண்டுமா, கிரே கார்டை (எந்த நிறச்சாய்வும் இல்லாத சாம்பல் அட்டையை) பயன்படுத்து என்பது எங்கும் கேட்கிற அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் அன்று யாராவது தெருவில் கிரே கார்டைப் பிடித்து கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? கைப்பேசி கொடுத்த அதே சாம்பல் வானம்தான், இன்னும் துல்லியமாக. ஆட்டோ ஊகித்துச் செய்ததை கார்டு அளந்து செய்திருக்கும். கார்டின் மேல் விழுந்த ஒளி ஆரஞ்சு. அந்த ஒளியில் கார்டைச் சாம்பலாகக் காட்டு என்றால் ஆரஞ்சை முழுதும் கழிக்காமல் வழியில்லை.

இந்த நிகழ்வை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதே இந்த இடத்துக்காகத்தான். துல்லியமான நிறம் என்று சொல்லும்போது எதன் நிறம் என்று முதலில் கேட்க வேண்டும். பொருளின் நிறமா, அதன் மேல் விழும் ஒளியின் நிறமா? ஓர் ஓவியத்தைப் பிரதியெடுக்கிறோம், ஒரு துணியை விற்பனைக்காகப் படம்பிடிக்கிறோம், தோலில் வந்த தடிப்பை மருத்துவருக்குக் காட்டப் பதிகிறோம் என்றால் பொருளின் நிறம்தான் முக்கியம். ஒளி அங்கே குறுக்கே நிற்கும் இடைஞ்சல். அதை அளந்து கழித்துவிட வேண்டும். அதற்கு கார்டு. வானமோ, அந்தி வெளிச்சமோ, மேடை விளக்கோ, நெருப்போ படமாகும்போது ஒளிதான் படம். அதை அளந்து கழித்தால் எடுக்க வந்ததையே தூக்கியெறிகிறோம்.

முதல் வகை வேலைக்கு கார்டைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். படமாகும் பொருளின் மேல் விழுகிற அதே ஒளி கார்டின் மேலும் விழ வேண்டும்; ஜன்னலோரம் பொருளை வைத்துவிட்டு, அறை நடுவே கார்டைப் பிடித்து அளந்தால் பயனில்லை. கார்டு படத்தில் வெளிறி எரிந்துபோகக் கூடாது. சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் ஒன்று உச்சத்தில் முட்டினாலும் விகிதம் கெட்டுவிடும். வீட்டில் கிடக்கும் அச்சுக் காகிதத்தை கார்டுக்குப் பதிலாக வைக்க வேண்டாம். அதை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்வுப் பொருட்கள் புறஊதாவை வாங்கி நீலமாக வெளியிடும்; கேமரா அந்த நீலத்தைக் கழிக்கப் போய், படம் முழுவதும் மஞ்சளடிக்கும். எக்ஸ்போஷருக்கென்று விற்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டைகள் எல்லாம் நிறத்தில் நடுநிலையானவை என்றும் எண்ணிவிடக் கூடாது. ஒயிட் பேலன்ஸுக்கு என்று குறிப்பிட்டுத் தயாரித்ததை வாங்குவது நல்லது. நிறம் மிக முக்கியமான வேலை என்றால் 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை. 1976-ல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது, இன்னும் அதற்கு மாற்றுத் தேட வேண்டியிருக்கவில்லை.

அன்று சரியாக வந்த படங்கள்

ஆரஞ்சைப் பிடித்தவர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. ஆட்டோவை அணைத்தார்கள். கேமராவில் எடுத்தவர்கள் டேலைட் (பகல்வெளிச்ச) நிலையை வைத்தார்கள். கைப்பேசியில் எடுத்தவர்கள், கைமுறைக் கட்டுப்பாடு தரும் செயலிகளையோ, சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இருக்கும் ப்ரோ பயன்முறையையோ நாடி, ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைத் தாங்களே நிறுத்தினார்கள். ஐஃபோனோடு வரும் கேமரா செயலியில் அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் பலர் அன்றுதான் வேறு செயலியைத் தேடினார்கள்.

டேலைட் என்றால் பல கேமராக்களில் சுமார் 5200 கெல்வின். பழைய பகல்வெளிச்ச ஃபிலிம் 5500-க்குத் தயாரானது. ஃபிலிமுக்கு ஊகிக்கத் தெரியாது. வந்த ஒளியை நண்பகல் வெயிலோடு ஒப்பிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அப்படியே பதியும். ஒரு ரோல் பகல்வெளிச்ச ஃபிலிமை அன்று யார் போட்டிருந்தாலும் வானம் ஆரஞ்சாகவே வந்திருக்கும். டேலைட் நிலையும் அதையேதான் செய்கிறது: இந்த இரண்டு பெருக்கெண்களையும் நண்பகலுக்கு உரியதாக வைத்துக்கொள், எது வந்தாலும் மாற்றாதே.

கெல்வின் எண்ணில் பலரும் குழம்புவது திசையில். மெழுகுவத்தி சுமார் 1900, ஸ்டூடியோ டங்ஸ்டன் விளக்கு 3200, நண்பகல் 5500, நிழல் 7000-க்கு மேல். ஒளி நீலமாக ஆக எண் ஏறும். ஆனால் கேமராவில் எண்ணை ஏற்றினால் படம் மஞ்சளாகும். காரணம், "ஒளி இவ்வளவு நீலமாக இருக்கிறது, ஈடுகட்டு" என்று நாம் கேமராவுக்குச் சொல்கிறோம். இதை மனதில் வைத்துக்கொண்டால் அன்று யாரும் க்ளவுடி நிலையைத் தேர்ந்திருக்கக் கூடாது என்பது விளங்கும். மேகமூட்டம் போலத் தெரிந்தது உண்மைதான். ஆனால் சுமார் 6000 கெல்வினில் நிற்கும் அந்த நிலை, இருந்ததைவிட அதிக ஆரஞ்சைப் பூசிவிடும். திருத்தும் செயலியில் வெப்பநிலை ஸ்லைடரை வலது ஓரம்வரை இழுத்தவர்களின் படங்களும் அன்று பரவின. உண்மையான படங்களைக்கூட "எடிட் செய்தது" என்று சந்தேகிக்க அவை இடம் கொடுத்தன. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்த நாளுக்கு மிகைப்படுத்தலே தேவைப்படவில்லை.

அப்படியானால் 5200-தான் உண்மையா? கண் ஒரு பகுதியைக் கழித்துவிடும் என்று பார்த்தோம். வெகுநேரம் வெளியே நின்றவர் உணர்ந்த ஆரஞ்சு, டேலைட் படத்தைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்திருக்கும். வீட்டுக்குள் வெள்ளை விளக்கடியில் இருந்துவிட்டு ஜன்னலைத் திறந்தவருக்கு டேலைட் படமே பொருந்தும். என்னைக் கேட்டால் படத்தை டேலைட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு 4500 வரை மெதுவாக இறக்கிப் பார்த்து, நினைவோடு ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்துவேன். எங்கே நிறுத்தினோம் என்பதைப் படத்தோடு சேர்த்துச் சொல்லியும் விடுவேன். டேலைட்டுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: அதை வைத்து எடுத்த பத்துப் பேரின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஆட்டோவில் எடுத்த பத்துப் படங்கள் பத்து வெவ்வேறு ஊகங்கள்.

ஒளியளவையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். அன்றைய இருளைக் காட்ட படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈட்டை மைனஸ் 1 அல்லது அதற்கும் கீழே வைக்க வேண்டியிருந்திருக்கும். அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது: இப்படிப்பட்ட ஒளியில் சிவப்புச் சேனல்தான் முதலில் உச்சத்தில் முட்டும். அப்படி முட்டிவிட்டால் ஆரஞ்சு மஞ்சளாகத் திரிந்துவிடும். மொத்த ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தை) பார்த்தால் இது தெரியாது, சிவப்பின் ஹிஸ்டோகிராமைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஒளியின் நிறத்தை முன்கூட்டியே ஊகிப்பதில் வரும் சிக்கல் பூமியோடு முடிவதில்லை. 1976 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 விண்கலம் அனுப்பிய முதல் வண்ணப்படத்தை அவசரமாகத் தயாரித்து வெளியிட்டபோது வானம் இளநீலமாக இருந்தது. பிறகு அளவுதிருத்தம் செய்து பார்த்தபோது, தூசி நிறைந்த அந்த வானம் இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம் என்று தெரிந்தது. கலத்தின் மேலேயே நிற அட்டைகள் பொருத்தப்பட்டிருந்ததால் திருத்த முடிந்தது.

சாம்பலாக எடுத்தவர்களுக்கு

சென்சாரின் எண்களை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால், ஒயிட் பேலன்ஸைப் பொறுத்தவரை எதுவும் இழக்கப்படவில்லை. ராவில் ஒயிட் பேலன்ஸ் வெறும் குறிப்பு. பெருக்கல் இன்னும் நடக்கவில்லை. திறந்து 5200 அல்லது 5500 என்று எழுதி, பச்சை-மெஜந்தா சாய்வை மாற்றும் டின்டை கேமராவின் டேலைட் நிலையில் இருப்பது போலவே விட்டுவிட்டால் அன்று டேலைட்டில் எடுத்த படமேதான்.

கேமரா முடித்துச் சுருக்கிக் கொடுக்கும் ஜேபெக் கோப்பு வேறு கதை. அங்கே பெருக்கல் முடிந்து, சேனலுக்கு 256 படிகளுக்குள் சுருக்கப்பட்டு, வெளிச்ச-இருள் வேறுபாட்டை மாற்றும் வளைவும் ஏற்றப்பட்டுவிட்டது. நீலம் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டதால் அதில் இரைச்சலும் கூடியிருக்கும். வெப்பநிலை ஸ்லைடரை வலப்பக்கம் நகர்த்தினால் ஆரஞ்சு வரும், ஆனால் எவ்வளவு நகர்த்துவது? இதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருக்க வாய்ப்புண்டு: விளக்குகள். கார் முகப்பு விளக்குகளும் கடைக்குள் எரிந்த வெள்ளை விளக்குகளும் புகையைக் கடந்து வந்த ஒளி அல்ல. அவற்றின் நிறம் என்றைக்கும் போலத்தான் இருந்தது. கேமரா வானத்தைச் சாம்பலாக்கியபோது இந்த விளக்குகளை நீலத்துக்குத் தள்ளியிருக்கும். சாம்பல் படத்தில் விளக்குகள் நீலமடித்தால், ஆட்டோ தலையிட்டதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். விளக்கின் நடுப்பகுதி எரிந்து வெள்ளையாகியிருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை. அதன் ஒளி விழுந்த தரையையோ சுவரையோ பார்த்து, அந்த நீலம் போய் வழக்கமான விளக்கு நிறம் வரும்வரை ஸ்லைடரை நகர்த்தினால் வானம் கிட்டத்தட்டத் தன் இடத்துக்கு வந்துவிடும். வெள்ளை விளக்குகளிலும் சற்று மஞ்சளானவை, சற்று நீலமானவை உண்டு என்பதால் இது தோராயம்தான். ஆனால் நினைவை மட்டும் நம்பி இழுப்பதைவிட மேல். படத்தில் எந்த விளக்கும் இல்லையென்றால், அதே இடத்தை அதே நேரத்தில் டேலைட்டில் எடுத்த வேறொருவரின் படத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் திருத்த வேண்டும்.